இரும்பு இல்லாத காலத்தில் மனித உடலிலிருந்து ஆபத்தின்றிக் குருதி எடுத்திருக்க முடியுமா?

கேள்வி: களப்புக்கரை (களுவாஞ்சிகுடி)

அனைவருக்கும் வணக்கம். வைத்தியம், தொல்லியல், காடு ஆகியவற்றை அறிந்தவர்கள் இங்கு எழுதுவதைச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். எனது ஐயத்துக்கும் இங்கேயே விடை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள வாகரைக்கு மேற்கேயுள்ள காட்டுப் பகுதியை மனதில் வைத்து ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரும்பு இத்தீவில் புழக்கத்துக்கு வருவதற்கு மிகவும் முற்பட்ட காலம். ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட ஒரு சிறு குடி. மாரி தொடங்குவதற்கு முன்னர், ஆண்டுக்கு ஒரு முறை, அக்குடியில் வளர்ந்தவர்கள் ஒவ்வொருவரும் தமது உடலிலிருந்து சிறிதளவு குருதியை ஒரே பாத்திரத்தில் விட்டு, அதனை ஆற்றங்கரை மரமொன்றின் அடியில் ஊற்றுகிறார்கள். யாருடைய குருதி எது என்று பிரித்தறிய முடியாதவாறு அது கலந்துவிடுவதே அச்சடங்கின் பொருள். நாவல் முழுவதும் இந்த ஒரு காட்சியின் மேல்தான் நிற்கிறது.

முதல் வரைவில், குடியின் மூத்தவள் ஒரு கூரிய கல்லால் ஒவ்வொருவரின் உள்ளங்கையையும் கீறுவதாக எழுதியிருந்தேன். அதை வாசித்த நண்பர் ஒருவர், "இப்படி ஆண்டுதோறும் செய்திருந்தால் மூன்றாவது ஆண்டில் உன் கதையில் ஆட்களே மிஞ்சியிருக்க மாட்டார்கள்" என்றார். அவர் சொன்னது என்னை மிகவும் உறுத்தியது. அந்த மக்களை அறிவற்றவர்களாகக் காட்ட நான் விரும்பவில்லை. ஒரு காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், தமது உடலையும் அந்தக் காட்டில் கிடைக்கும் பொருள்களையும் நம்மைவிட நன்றாகவே அறிந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆகவே கேட்கிறேன். முள், கல், எலும்பு, ஓடு போன்ற இயற்கைப் பொருள்களை மட்டுமே வைத்துக்கொண்டு, உடலின் எந்த இடத்தில், எவ்வளவு குருதியை, எவ்வாறு எடுத்தால் அது மறுநாளே வேட்டைக்குப் போகும் ஒருவருக்குத் தீங்கு செய்யாமல் இருக்கும்? புண் பழுக்காமல் இருக்க அவர்களால் என்ன செய்திருக்க முடியும்?

பதில்: ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் (கல்லடி)

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது கதைக்கான கேள்வி என்பதாலேயே பதில் எழுதுகிறேன். இதை வாசிக்கும் பிள்ளைகள் எவரும் முள்ளையோ கல்லையோ தமது உடலில் வைத்துப் பார்க்கக் கூடாது. குருதி கொடுக்க விரும்புகிறவர்களுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இரத்த வங்கி இருக்கிறது.

உங்கள் நண்பர் சொன்னது சரி. கல்லோ கத்தியோ எதுவானாலும், உள்ளங்கைதான் மிகவும் மோசமான இடம். அங்கே தோலுக்கு அடியில் விரல்களை மடக்கும் தசைநாண்களும், விரல்களுக்கு உணர்வு தரும் நரம்புகளும், வளைவாக ஓடும் நாடிகளும் நெருக்கமாக உள்ளன. ஒரு கீறல் சற்று ஆழமானால் விரல் மடங்காமல் போகலாம். அதற்கும் மேலாக, வில்லைப் பிடிப்பதும் கிழங்கு தோண்டுவதும் மண்ணைத் தொடுவதும் அந்தக் கையால்தான். ஒவ்வொரு முறை கையை விரிக்கும்போதும் புண்ணின் வாய் திறக்கும், அதற்குள் அழுக்குப் புகும். வேட்டையாடி வாழும் ஒரு குடி தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

முழங்கையின் உட்புற மடிப்பையும் விட்டுவிடுங்கள். நாங்கள் ஊசி ஏற்றும் நாளம் அங்கேதான் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்குச் சற்று உள்ளே பெரிய நாடியும் நரம்பும் ஓடுகின்றன. இவற்றுக்கும் நாளத்துக்கும் இடையில் இருப்பது மெல்லிய தசைநார்த் தகடு ஒன்று மட்டுமே. பழைய ஐரோப்பியக் குருதி வாங்கும் வைத்தியர்கள் அந்தத் தகட்டைக் 'கடவுளின் கிருபை' என்று அழைத்தார்கள். கத்தி தவறிய எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கும் என்பதால் வந்த பெயர் அது. நாளத்தைத் தேடிப் போகும் எந்த முறையும் உங்கள் கதைக்கு வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது தோலின் மேற்பகுதியிலுள்ள மயிர்த்துளைக் குழாய்களில் இருந்து வரும் சில துளிகள்தான். அதற்கு உடலில் இரண்டு நல்ல இடங்கள் உண்டு. ஒன்று காதின் சோணை. அங்கே எலும்பு இல்லை, பெரிய குழாய்கள் இல்லை, வேலை செய்யும்போது மண் படுவதும் இல்லை. குருதி எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்பதை அளப்பதற்கு 1910 ஆம் ஆண்டில் டியூக் என்ற வைத்தியர் தெரிவு செய்த இடமும் அதுதான். உடல்நலம் உள்ள ஒருவருக்கு அங்கே குத்தினால் சில நிமிடங்களிலேயே குருதி தானாக நின்றுவிடும். மற்றைய இடம் விரல் நுனியின் பக்கவாட்டுப் பகுதி. இன்றைக்கும் நீரிழிவுச் சோதனைக்கு நாங்கள் குத்துவது அங்கேதான். விரலின் நடுச்சதையில் குத்தினால் வலி அதிகம், வலி நாள்முழுவதும் இருக்கும். என்னைக் கேட்டால் கதையில் காதுச் சோணையை வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றிக் கேட்டீர்கள். உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதி இருக்கும் என்று கணக்கிடுவோம். ஐம்பது கிலோகிராம் எடையுள்ள பெண்ணிடம் மூன்றரை லீற்றர் இருக்கும். நாங்கள் தானமாக எடுப்பது ஏறத்தாழ 450 மில்லிலீற்றர். அதையும் குறைந்தது 50 கிலோகிராம் எடை இருப்பவரிடம், குருதியில் ஈமோகுளோபின் போதுமானதா என்று பார்த்த பின்னரே எடுப்போம். அடுத்த தானத்துக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். நல்ல உணவும் படுக்கையும் சேலைனும் இருக்கும் வைத்தியசாலையில் எடுக்கும் அளவு அது. உலர்வலயக் காட்டில், மலேரியாவும் குடற்புழுவும் இருந்திருக்கக்கூடிய ஒரு குடியில், கர்ப்பிணிகளும் வெளிறிய பிள்ளைகளும் இருக்கும் இடத்தில், ஒரு தேக்கரண்டிக்கு மேல் எவரிடமும் எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் மூத்தவள் சடங்குக்கு முன்னர் ஒவ்வொருவரின் கீழ் இமையையும் விரலால் இழுத்துப் பார்க்கட்டும். உள்ளே வெளிறியிருந்தால் அவரை இந்த ஆண்டு விலக்கி வைக்கட்டும். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை அது. நாங்களும் வாட்டில் அதையே முதலில் பார்த்தோம்.

இனிப் புண் பழுப்பது பற்றி. குத்துவதில் இருக்கும் ஆபத்தைவிட, எதனால் குத்துகிறோம் என்பதிலும் அது அதற்கு முன்னர் எங்கே இருந்தது என்பதிலும்தான் ஆபத்து அதிகம். ஏற்புவலியை (டெட்டனசு) உண்டாக்கும் பற்றீரியா மண்ணிலும் சாணத்திலும் வித்தியாக உறங்கிக் கிடக்கும். அந்த வித்தி கொதிநீருக்கும் எளிதில் சாகாது. காற்றுப் புகாத ஆழமான சிறு துளைதான் அதற்கு மிகவும் விருப்பமான இடம். ஆகவே தரையில் விழுந்து கிடந்த முள், மண் ஒட்டிய எலும்பு, சென்ற ஆண்டு பாவித்த கருவி ஆகிய மூன்றும் கூடாது. உயரமான கிளையிலிருந்து அப்போதே ஒடித்த, உறுதியான முள்ளின் நுனியை மட்டும் நெருப்பில் காட்டி, ஆழமின்றிக் குத்தி, குருதி தானாக வெளியே வழிய விட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். இல்லாமல் போகும் என்று சொல்ல மாட்டேன்.

மிகவும் முக்கியமானதைக் கடைசியாகச் சொல்கிறேன். ஒருவருக்குக் குத்திய முள்ளால் இன்னொருவருக்குக் குத்தவே கூடாது. ஈரல் அழற்சி பி வைரசு பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இறந்தவர்களின் எலும்புகளிலும் பற்களிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. அது நேற்று வந்த நோயல்ல. அந்த மூத்தவளின் கையில் பரம்பரையாக வந்த அழகான ஒரு கல் இருப்பதாக நீங்கள் எழுதியிருந்தால், அந்தக் கல்தான் உங்கள் குடியை அழிக்கும். ஆளுக்கொரு முள் என்பது காட்டில் செலவில்லாத ஒன்று. முள் எளிதாகக் கிடைக்கிறது என்பதுதான் அதன் பாதுகாப்பு. விலையுயர்ந்த கத்தி ஒன்று இருந்திருந்தால் அதை யாரும் எறிந்திருக்க மாட்டார்கள்.

களப்புக்கரை

அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. "முள் எளிதாகக் கிடைக்கிறது என்பதுதான் அதன் பாதுகாப்பு" என்ற வசனத்தை வாசித்த பிறகு அரைமணி நேரம் வேறொன்றும் செய்யாமல் இருந்தேன். என் வரைவில் அந்தப் பரம்பரைக் கல் இருக்கத்தான் செய்தது. அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தேன்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் என்றால், முப்பது பேர் ஆளுக்குப் பத்துத் துளி கொடுத்தாலும் பதினைந்து மில்லிலீற்றர்தான், அதாவது மூன்று தேக்கரண்டிதான் சேரும். அது ஒரு பாத்திரத்தின் அடியை நனைக்கவே போதாது. கல்லால் சற்றுப் பெரிய கீறல் போட்டுக் கூடுதலாக எடுக்க வழியே இல்லையா? பிற நாடுகளில் கல்லாலும் எலும்பாலும் குருதி எடுத்த மக்கள் இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பதில்: தொல்லியல் கற்றவர் (அக்கரைப்பற்று)

இருந்தார்கள். அதற்குக் கல்லிலேயே செதுக்கிய சான்று உண்டு. இன்றைய மெக்சிக்கோவில் உள்ள யாஷ்சிலான் என்ற மாயா நகரின் அரண்மனைக் கட்டடமொன்றில், வாசலுக்கு மேலே இருந்த கற்பலகை ஒன்று, அரசி தன் நாக்கில் துளையிட்டு முள் கோத்த கயிற்றை அதனூடாக இழுப்பதைக் காட்டுகிறது. அந்நிகழ்வு கி.பி. 709 ஆம் ஆண்டுக்குரியது. குருதி வடியும் இடத்தில் கூடை ஒன்று இருக்கிறது, அதில் தாள் இருக்கிறது. குருதியை உறிஞ்சிய தாளை எரித்தார்கள். உங்கள் கணக்குக்கு இது நல்ல விடை என்று நினைக்கிறேன். அவர்களும் கலம் நிறையக் குருதி தேடவில்லை. தாள் சிவந்தால் போதும் என்றே வைத்திருந்தார்கள். உங்கள் குடி பாத்திரத்துக்குப் பதிலாக மரவுரியையோ பஞ்சையோ நனைப்பதாக எழுதலாம். மூன்று தேக்கரண்டி குருதி ஒரு துண்டு மரவுரியில் எவ்வளவு தூரம் பரவும் என்று நினைத்துப் பாருங்கள்.

கூடுதலான குருதி எடுத்தவர்களுள் சிலர் அதை மனிதரிடம் எடுக்கவில்லை. கிழக்கு ஆபிரிக்காவின் மசாய் மக்கள் மாட்டின் கழுத்தைத் தோல் வாரால் இறுக்கி, நாளம் புடைத்ததும், நுனி மட்டும் சிறிதளவு வெளியே தெரியுமாறு தடுப்பு வைத்த அம்பை அருகில் நின்று எய்து குருதி வடிப்பார்கள். அம்பு அதற்கு மேல் உள்ளே போகாது. வாரைத் தளர்த்தியதும் குருதி நின்றுவிடும், மாடு மேய்ச்சலுக்குப் போய்விடும். நியூகினி மக்களிடையேயும் தலைவலிக்கு நெற்றியில் குருதி எடுக்கச் சிறு வில்லும் அம்பும் பாவிக்கும் வழக்கம் பதிவாகியுள்ளது. இவ்விரண்டிலும் நான் மதிப்பது ஒன்றுதான். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதைக் கைநடுக்கத்திடம் விடாமல், கருவியிலேயே அடைத்துவிட்டார்கள். உங்கள் மூத்தவளும் முள்ளின் நுனிக்குச் சற்று மேலே நாரைச் சுற்றி முடிச்சிட்டுவிட்டால், முடிச்சு தோலில் தட்டும்போது குத்து நின்றுவிடும்.

கல்லைப் பற்றி. நமது தீவில் எரிமலைக் கண்ணாடி இல்லை, ஆகவே மாயா மக்களின் கரிய அலகுகளை இங்கே கொண்டுவர வேண்டாம். இங்கே கிடைப்பது படிகக் கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும். களுத்துறை மாவட்டத்தின் பாகியன்கல குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படிகக் கல் நுண்கருவிகளும், குரங்கு முதலிய விலங்குகளின் எலும்பில் செய்த முனைகளும் கிடைத்துள்ளன. இரும்பு அநுராதபுரத்தில் தோன்றுவது கி.மு. 900 அளவில்தான். ஆகவே உங்கள் கதைக்குக் காலம் தாராளமாக இருக்கிறது. கதிரவெளியில் உள்ள பெருங்கற்காலக் கல்லறைகளை இந்தக் கதைக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள், அவை இரும்புக் காலத்தவை. வாகரையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அந்தத் தவறைச் செய்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

புதிதாக உடைத்த படிகச் சில்லுக்கு ஒரு நன்மை உண்டு. உடையும் கணம் வரை அதன் உள்முகம் காற்றையே கண்டதில்லை, ஆகவே கையும் மண்ணும் படாதவரை அது தூய்மையானது. அம்மா சொன்ன ஆளுக்கொரு முள் என்பதுபோல் ஆளுக்கொரு சில்லு என்பதும் கடினமல்ல, ஒரு கல்லைத் தட்டினால் பத்துச் சில்லு விழும். ஆனால் படிகத்தின் விளிம்பு ஒழுங்கற்றது, தட்டும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் ஒட்டியிருக்கும், அவை புண்ணுக்குள் தங்கலாம். கல்லை வெட்டுவதற்கு வைத்துக்கொண்டு, குத்துவதற்கு முள்ளையோ தீட்டிய எலும்பையோ வைத்துக்கொள்வதே பொருத்தம்.

பதில்: சித்த வைத்தியர் (திருக்கோவில்)

மேலே எழுதிய இருவரும் குத்துவதையும் கீறுவதையும் பற்றியே பேசினார்கள். கருவியே இல்லாமல் குருதி எடுக்கும் ஓர் உயிர் நமது வயலிலும் குளத்திலும் இருக்கும்போது அதை யாரும் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருந்தது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள் கீறல், அட்டை விடல், உறிஞ்சல், குருதி வாங்கல் ஆகியவை தனித்தனியாகவே எண்ணப்படுகின்றன. அட்டையை விடுவதும் தோலைக் கீறுவதும் ஒன்றல்ல என்று நம் முன்னோர் கருதியதாலேயே அவ்வாறு பிரித்தார்கள்.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை இதனை இன்னும் விரிவாகச் சொல்கிறது. அட்டைகளை 12 வகையாகப் பிரித்து, அவற்றுள் 6 நஞ்சுள்ளவை, 6 நஞ்சற்றவை என்கிறது. பிள்ளைகள், முதியோர், பெண்கள், அச்சமுள்ளோர், மென்மையான உடலுடையோர் ஆகியோருக்கு அட்டையே ஏற்றது என்கிறது. அட்டைகளை வைத்திருக்கும் குடத்தில் மூன்று நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றவும், ஏழு நாளுக்கு ஒரு முறை குடத்தையே மாற்றவும் சொல்கிறது. கடிக்க மறுக்கும் அட்டைக்காகத் தோலில் ஒரு துளி பாலோ குருதியோ இட வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நுட்பமும் ஒரே நாளில் வந்திருக்காது. எழுத்துக்கு வருவதற்கு மிக முன்னரே, குளத்தில் இறங்கிய எவரோ ஒருவர் தன் காலில் கண்டதில் இருந்து தொடங்கிய அறிவாகவே அதை நான் பார்க்கிறேன்.

அதே நூலில், உலோகக் கருவி இல்லாதபோதும், கருவியைக் கண்டு அஞ்சுவோருக்கும், பிள்ளைகளுக்கும் பாவிக்கத்தக்க மாற்றுக் கருவிகள் என்று ஒரு வரிசை இருக்கிறது. மூங்கிலின் மேற்தோல், படிகம், கண்ணாடி, நகம், சொரசொரப்பான சில இலைகள், மயிர், அட்டை ஆகியன அதில் வருகின்றன. மேற்கூறிய தொல்லியல் நண்பரின் படிகச் சில்லு அங்கேயும் இருப்பதைக் காண்கிறீர்கள். பச்சை மூங்கிலைப் பிளந்தால் வரும் விளிம்பின் கூர்மையை வேலி கட்டுகிறவர்களிடம் கேட்டால் தெரியும்.

ஆனால் தம்பி, உங்கள் சடங்குக்கு அட்டை பொருந்தாது என்பதையும் நானே சொல்ல வேண்டும். அட்டை எடுப்பது ஐந்து முதல் பதினைந்து மில்லிலீற்றர் வரையான குருதி, அது அதன் வயிற்றுக்குள் போய்விடும். அது விழுந்த பிறகு கடிவாயில் இருந்து பல மணிநேரம் குருதி கசிந்துகொண்டே இருக்கும். காரணம், அதன் உமிழ்நீரில் குருதியை உறையவிடாத பொருள் இருக்கிறது. ஹேய்கிராப்ட் என்ற ஆய்வாளர் 1884 ஆம் ஆண்டில் அதைக் கண்டறிந்தார், பின்னர் அதற்கு இருடின் என்று பெயரிட்டார்கள். கசியும் குருதியோடு காட்டுக்குள் போகும் ஒருவனை உங்கள் மூத்தவள் அனுப்ப மாட்டாள். அட்டையின் குடலில் வாழும் பற்றீரியாக்கள் புண்ணைப் பழுக்கச் செய்வதும் உண்டு. ஆகவே இன்று அட்டை விடும் இடங்களில் ஓர் அட்டையை ஒருவருக்கு ஒரு முறைதான் பாவிக்கிறார்கள். நம் வயல்களில் செய்வதுபோல் உப்பையோ சுண்ணாம்பையோ போட்டு அதைப் பிடுங்குவதும் நல்லதல்ல. அது குடித்ததைப் புண்ணுக்குள்ளேயே கக்கிவிடும்.

அட்டையை வேறொரு காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டு வீங்கி, கன்றிப்போன விரல் ஒன்றுக்கு மூத்தவள் அட்டை விடுவதாக எழுதினால் நான் மகிழ்வேன். கன்றிய குருதியை வடிப்பதற்கு, துண்டிக்கப்பட்டு மீண்டும் பொருத்திய விரல்களில் நவீன சத்திரசிகிச்சை நிபுணர்களே இன்று அட்டையைப் பாவிக்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் அதற்கு அனுமதியும் கொடுத்தது.

பதில்: வாசகர் (காத்தான்குடி)

வைத்தியர் ஐயா சுரைக்குடுக்கையையும் கொம்பையும் விட்டுவிட்டார். எங்களிடையே ஹிஜாமா (கிண்ணம் வைத்து உறிஞ்சிக் குருதி எடுக்கும் முறை) செய்கிறவர்கள் இன்று பிளாஸ்டிக் கிண்ணமும், ஒரு முறை பாவித்து எறியும் அலகும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பல நாடுகளில் முற்காலத்தில் அது மாட்டுக் கொம்பாகவே இருந்தது. கொம்பின் நுனியில் சிறு துளையிட்டு, அகன்ற வாயைத் தோலில் வைத்து, துளையில் வாய்வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்த பின் மெழுகால் அடைத்துவிடுவார்கள். மேலாகக் கீறிய தோலில் இருந்து குருதி கொம்புக்குள் வரும். தோலின் மேற்பகுதியில் மட்டுமே நிற்பதாலும், தோள்பட்டைக்கு நடுவே சதை உள்ள இடத்தில் வைப்பதாலும், நாளத்தை வெட்டுவதைவிட இதில் ஆபத்து குறைவு. சகோதரர் கூடுதலான குருதி வேண்டும் என்று கேட்டதனால் இதைச் சொல்கிறேன். ஆனால் உறிஞ்சுகிறவரின் வாய்க்கும் குருதிக்கும் இடையில் மெழுகு மட்டும்தான் இருக்கிறது என்பதையும், முப்பது பேருக்கும் ஒரே கொம்பு என்றால் தாதி அம்மா சொன்ன அதே ஆபத்துத்தான் வரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பதில்: பனிச்சங்கேணி வாசி

நான் படித்தவன் அல்லன். ஆனாலும் இந்தக் காட்டோரம் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, வாகரைப் பகுதியில் கரையோர வேடர்களின் வழிவந்த குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. எங்கள் பெரியவர்கள் காட்டுக்கும் இறந்தவர்களுக்கும் செய்யும் சடங்குகளில் தேனும் தேங்காயும் வெற்றிலையும் இருக்கின்றன, ஆட்டமும் பாட்டும் இருக்கின்றன. மனிதரின் குருதியை ஊற்றும் சடங்கு எதையும் நான் கண்டதும் இல்லை, என் தாத்தா சொல்லிக் கேட்டதும் இல்லை. தம்பி கற்பனையில் ஒரு குடியைப் படைப்பதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் அந்தக் குடிக்கு எங்கள் பெயரைக் கொடுத்துவிட வேண்டாம். வாசிக்கிறவர்கள் அதையே உண்மை என்று பிடித்துக்கொண்டு எங்கள் பிள்ளைகளைப் பாடசாலையில் கேலி செய்வார்கள். ஊரின் பெயரைச் சொல்லாமல் ஓர் ஆறு, ஒரு மரம் என்று எழுதினாலும் கதை குறையாது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, முள்ளைப் பற்றியது. எல்லா முள்ளும் ஒன்றல்ல. கடலோரத்துக் குடி என்றால் திருக்கை வால் முள்ளைப் பாவித்திருக்கலாமே என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். அதைக் கேட்காதீர்கள். திருக்கை முள்ளின் இரு பக்கமும் அரம்போல் பின்னோக்கிய பற்கள் இருக்கின்றன, உள்ளே போனது வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். அதன் உறையில் நஞ்சும் இருக்கிறது. களப்பில் வலை இழுக்கும்போது அது குத்திய ஒருவர் பட்ட வேதனையை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்திருந்தால்தான் வலி அடங்கும். கெளுத்தி மீனின் செட்டை முள்ளும் அப்படித்தான். ஈச்சமுள் நுனி ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். மூட்டருகே ஒடிந்தால் மாதக்கணக்கில் வீக்கம் இருக்கும். எங்கள் வீட்டில் கொப்புளம் உடைப்பதற்கும் காலில் தைத்த முள்ளை எடுப்பதற்கும் அம்மா எப்போதும் தேடியது தேசி (எலுமிச்சை) முள்ளைத்தான். அது வழுவழுப்பாகவும் உறுதியாகவும் இருக்கும், நுனி எளிதில் ஒடியாது. காட்டில் என்றால் குருந்த மரத்தில் அதுபோன்ற முள் உண்டு.

பாத்திரத்துக்குச் சுரைக்குடுவை வேண்டாம். களப்பில் கிடைக்கும் பெரிய சிப்பியின் ஓடு போதும். உள்ளே வெண்மையாகப் பளபளக்கும் அந்த ஓட்டில் மூன்று தேக்கரண்டி குருதி விழுந்தால் அது நிறைந்ததுபோலவே தெரியும்.

களப்புக்கரை

ஐயா, நீங்கள் சொன்ன முதலாவது விடயத்துக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வாகரை என்ற பெயரை எடுத்துவிட்டேன். அந்தக் குடி எந்தக் குடி என்று எங்கும் சொல்லப்போவதில்லை.

காட்சியை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். இப்போது மூத்தவளின் கையில் கல் இல்லை. சடங்கு நாளன்று விடியற்காலையில் ஒவ்வொருவரும் தாமே போய்க் குருந்த மரத்தில் தலைக்கு மேலுள்ள கிளையில் இருந்து தமக்கான முள்ளை ஒடித்து வர வேண்டும். இன்னொருவரின் முள்ளைத் தொடக் கூடாது. தொட்டால் என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் தொடக் கூடாது என்பது மட்டும் தெரியும். மூத்தவள் கீழ் இமையைப் பார்த்துச் சிலரை அமரவைக்கிறாள். மற்றவர்கள் தத்தம் முள்ளை நெருப்பில் காட்டி அவளிடம் நீட்டுகிறார்கள், அவள் காதுச் சோணையில் நார்முடிச்சு வரை குத்துகிறாள், சிப்பி ஓட்டில் துளிகளை ஏந்துகிறாள். குத்திய இடத்தைத் தாமே விரலால் அழுத்திக்கொண்டு, முள்ளை நெருப்பில் எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரேயொரு இடத்தில் இன்னும் தடுமாறுகிறேன். முப்பது பேரும் முடிவதற்குள் முதலாமவரின் குருதி உறைந்துவிடாதா? உறைந்து கட்டியானால், கலத்தல் என்ற பொருளே கெட்டுவிடும்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் (கல்லடி)

உறைந்துவிடும், தம்பி. உடலுக்கு வெளியே வந்த குருதி ஏறத்தாழ ஐந்து முதல் பத்து நிமிடத்தில் கட்டியாகத் தொடங்கும். சடங்கு அதைவிட நீளும்.

ஆனால் அதற்கு ஒரு வழி உண்டு, அதுவும் மிகப் பழையது. குருதியைச் சமையலுக்கு எடுக்கும் மக்கள் எல்லோரும் அறிந்தது. முதல் துளி விழுந்ததில் இருந்து ஒரு சிறு குச்சியால் அதை விடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். குருதியை உறையவைக்கும் நார்ப்பொருள் அந்தக் குச்சியில் வெள்ளை நூல்போல் சுற்றிக்கொள்ளும், ஓட்டில் எஞ்சியது நீராகவே இருக்கும். அந்த வேலையை மூத்தவளிடம் கொடுக்காதீர்கள், அவளுடைய கைகள் நிறைந்திருக்கின்றன. கீழ் இமை வெளிறியதால் விலக்கி அமர வைத்தவர்களில் ஒருவரிடம், வயது குறைந்த ஒரு பெண் பிள்ளையிடம் கொடுங்கள். அவளுடைய குருதி அந்த ஓட்டில் இருக்காது, ஆனால் மற்ற எல்லோருடையதையும் கலந்தவள் அவளாகத்தான் இருப்பாள். கடைசி ஆள் முடிந்ததும் அவள் அந்தக் குச்சியையும் முட்களோடு நெருப்பில் போட்டுவிட்டு, ஆற்றில் கைகளைக் கழுவட்டும். அவளுடைய கையில் கீறல் எதுவும் இல்லையா என்று மூத்தவள் முன்கூட்டியே பார்த்திருக்கட்டும்.

இன்னுமொன்று. காதில் அழுத்திய விரலை ஐந்து நிமிடத்துக்குள் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது என்று மூத்தவள் மற்றவர்களை அதட்டுவதாக ஒரு வரி எழுதுங்கள். நான் முப்பது ஆண்டுகள் வாட்டில் சொன்னது அதைத்தான்.